வெனிலாவும் எட்மண்டும்

வெனிலாக் கொடிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. பிரெஞ்சுக்காரர்கள் அதை இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் கொண்டுபோய் நட்டார்கள். கொடி நன்றாகப் படர்ந்தது, பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. மகரந்தம் சேர்த்துவிடும் மெக்சிகோ தேனீ அங்கே கிடையாதே!

1841-ல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வழி கண்டுபிடித்தான். பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு உண்டு. அதைச் சின்னக் குச்சியால் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட வேண்டும். சில நொடி வேலைதான். ஆனால் பூ ஒரே நாளில் வாடிவிடும் என்பதால் காலையிலேயே முடித்தாக வேண்டும்.

மற்ற தோட்டங்களுக்கும் போய் அவன் கற்றுக்கொடுத்தான். தீவில் பணம் கொட்டியது. அப்புறம் ரிஷார் என்ற தாவரவியலாளர், அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று கிளம்பினார். பெரிய மனுஷன் புத்தி! அதை மறுத்து எழுதியவர், வேடிக்கையைப் பாருங்கள், எட்மண்டின் முதலாளியேதான்.

1848-ல் அடிமை முறை ஒழிந்து எட்மண்டுக்கு விடுதலை கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1880-ல் வறுமையில் இறந்தார்.

மடகாஸ்கரில் இன்றும் ஒவ்வொரு பூவையும் இப்படிக் கையால்தான் காய்க்க வைக்கிறார்கள். நாம் சாப்பிடும் வெனிலா ஐஸ்கிரீமில் பெரும்பாலும் இருப்பது செயற்கை வாசனை, அது வேறு கதை.