அந்த வாளில் ஒன்றுமில்லை, பாப்பா

பத்தாம் வகுப்பு காலாண்டு விடைத்தாளில் இன்னும் ஒரு கட்டு பாக்கி. அதை மேசையில் அப்படியே போட்டுவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சின்னவளோடு உட்கார்ந்து 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடர் பார்த்தேன். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்த டிவிடி பெட்டி. தினம் ஒன்று, லீவு நாளில் ரெண்டு என்று நாலாவது சீசனுக்கு வந்திருக்கிறோம். அன்றைக்கு முறை, கேலஸின் வாள் வரும் பகுதி. 1995 நவம்பரில் ஒளிபரப்பானது. எனக்கு மூன்றாவது தடவை, அவளுக்கு முதல் தடவை.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. கிளிங்கான்கள் வேற்றுக்கிரகச் சண்டைக்கார இனம். அவர்களுடைய ஆதி வீரன், ஏறக்குறைய சாமி, கேலஸ். மோலார் என்ற கொடுங்கோலனைக் கொன்று கிளிங்கான்களை ஒன்று சேர்த்தவன். அவன் தன் தலைமுடிக் கற்றை ஒன்றை எரிமலைக் குழம்பில் போட்டு, ஏரித் தண்ணீரில் முக்கி, முறுக்கி வாளாக்கினான் என்பது ஐதீகம். பதினைந்து வருஷமாக வேதியியல் நடத்துகிறவள் நான்; முடியை நெருப்பில் போட்டால் கெராட்டின் கருகும், அதிலுள்ள கந்தகத்தால் ஒரு தீய்ந்த வாடை வரும், அவ்வளவுதான் வரும். கார்பன் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் இரும்பு எங்கிருந்து வந்ததாம்? இதைச் சொன்னதற்குச் சின்னவள் என்னை முறைத்தாள். சரி, ஐதீகத்தில் சல்லடை போடக்கூடாது.

வாள் என்கிறோமே தவிர, நம்ம ஊர் வாள் மாதிரி நீட்டமாக இருக்காது. பாட்லெத் என்று பெயர். பிறை மாதிரி வளைந்து, இரண்டு முனையிலும் கூர் வைத்து, முதுகுப் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடிக்கிற ஆயுதம். டான் கரி என்ற காட்சி விளைவுக் கலைஞர் இதற்கு முந்தைய தொடருக்காக வடிவமைத்தது, 1990-ல் முதலில் திரையில் வந்தது. அவர் தற்காப்புக் கலை பழகியவர் என்பதால், கையில் எடுத்துச் சுழற்றினால் நிஜமாகவே வேலை செய்யும் என்று தோன்றும். எல்லா பாட்லெத்துக்கும் மூலம் கேலஸுடையது. அதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஹர்க் என்ற அந்நியர்கள் கொள்ளையடித்துப் போனார்கள். அதைச் சுற்றியிருந்த துணி மட்டும் வல்கன்கள் என்ற இன்னொரு இனத்தின் நிலவியல் ஆய்வுக் குழு ஒன்றின் கையில் சிக்குகிறது. அந்தத் துணியோடு, தொடர் நடக்கும் விண்வெளி நிலையத்துக்கு வந்து இறங்குகிறார் கிளிங்கான் கிழவர் கோர்.

கோரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்தபின் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அந்தக் காலத்தில் நாலு பேரை அடித்த கதையை ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் கூட்டிச் சொல்லும் பெரியப்பா ஒருவர் இருப்பார் இல்லையா, அவர்தான். நிலையத்து மதுக்கூடத்தில் கோர் கதை சொல்லச் சொல்ல, அங்கே வேலை பார்க்கும் கிளிங்கான், எப்போதும் முகத்தை உர்ரென்று வைத்திருக்கும் வொர்ஃப் சின்னப் பையன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான். சீசன் தொடக்கத்தில்தான் அவன் கிளிங்கான் தலைவன் கவ்ரானை எதிர்த்து நின்று, குடும்பத்துக்கு இருந்த மரியாதை, சொத்து எல்லாம் போய், ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தவன் மாதிரி ஆகியிருக்கிறான். அவனைக் கோர் 'வா, வாளைத் தேடலாம்' என்று கூப்பிட்டால் போகாமல் இருப்பானா? கூடவே நிலையத்து அதிகாரி டாக்ஸ். அவள் உடம்புக்குள் இன்னொரு உயிர் குடியிருக்கிறது, அதனால் முன்பிறவி நினைவுகள் உண்டு. போன பிறவியில் கோருக்கு உயிர் நண்பன்.

வாள் கிடைப்பதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. கதை அதற்கப்புறம்தான். முதலில் மூவரும் ஒரு மனதாக இருக்கிறார்கள், இது நம் சனத்தை ஒன்று சேர்க்கும் என்று. எதிரி டோரல் ஆட்களோடு வந்து வழிமறிக்க, அடித்துப் பிடித்துக் குகைக்குள் ஓடுகிறார்கள். இந்த டோரல், சின்னப் பையனாக இருந்தபோது வொர்ஃப் கொல்லாமல் விட்ட பையன். 1991-ல் வந்த கதை அது. அப்பன் செய்த துரோகத்துக்குப் பிள்ளையை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதைக் கோர் குகைக்குள் குத்திக்காட்டுகிறார், உண்மையான கிளிங்கான் அப்படி விட்டிருப்பானா என்று. அங்கேதான் நூல் அறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக 'நம் சனம்' போய் 'நான்' வந்துவிடுகிறது. சின்ன வயதில் குகையில் கேலஸே தனக்குக் காட்சி கொடுத்து, வேறெந்தக் கிளிங்கானும் செய்யாததை நீ செய்வாய் என்று சொன்னதாக வொர்ஃப் நம்புகிறான். கிழவருக்கோ தன் பேர் சரித்திரத்தில் நிற்க இதைவிட்டால் வேறு வழியில்லை. காவல் மாற்றிக்கொள்வதிலும், வாளை யார் தூக்குவது என்பதிலும் ஆளுக்கு ஆள் ஓரக்கண்.

அப்புறம் அந்தப் பள்ளம். ஒற்றையடிப் பாறை விளிம்பில் போகும்போது கோர் சறுக்கி விழுகிறார். வாளின் ஒரு முனை அவர் கையில், மறு முனையை வொர்ஃப் பிடித்திருக்கிறான். கீழே ஒரு திட்டு இருக்கிறது, விடுங்கள், அதில் இறங்கிக்கொள்ளலாம் என்கிறான். கிழவர் விடமாட்டேன் என்கிறார். விட்டால் வாள் அவன் கைக்குப் போய்விடும். அந்த இடத்தில் வொர்ஃப் முகத்தை குளோசப்பில்

கரண்ட் போச்சு.

நிஜமாகத்தான். சரியாக அந்த இடத்தில். இன்வெர்ட்டர் பேட்டரி போன மாசமே படுத்துவிட்டது. இருட்டில் நானும் அவளும் முக்கால் மணி நேரம்.

"அம்மா, அந்த வாள்ல ஏதோ இருக்கும்மா."

"என்ன இருக்கு?"

"கதிர்வீச்சு மாதிரி ஏதாச்சும். மூளையைக் கெடுக்கற மாதிரி. கடைசில டாக்ஸ் ஸ்கேன் பண்ணிச் சொல்லுவா பாரு."

"அப்ப டாக்ஸுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவளுக்கு உள்ள ரெண்டு மூளை இருக்குல்ல."

நல்ல பதில், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முடிவு தெரியும், அந்தப் பகுதியை நான் மதிப்பதற்கே காரணம் அதுதான். விண்வெளிக் கதைகளில் இந்த மாதிரி இடம் வந்தாலே பாதிக்குப் பாதி கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு கருவி கீச்கீச் என்று கத்தும், 'ஓ, இந்தக் கல்தான் காரணம்' என்பார்கள், எல்லோரும் அசடு வழியச் சிரித்து ராசியாகிவிடுவார்கள். யார் மேலும் தப்பில்லை. இங்கே அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. வாள் வெறும் உலோகம். கெட்டது முழுக்க அந்த இரண்டு பேருக்குள்ளிருந்தே வந்தது. அதுவும் யார்? தொடரிலேயே மானம், நேர்மை என்று வாய்க்கு வாய் சொல்லும் வொர்ஃப்.

இன்னொன்றும் இருட்டில்தான் உறைத்தது. கோராக நடித்த ஜான் கொலிகோஸ் 1967-லேயே அதே கோராக மூல ஸ்டார் ட்ரெக்கில் வந்தவர். அங்கேயும் இப்படித்தான், கப்பல் கேப்டன் கிர்க்கும் கோரும் மல்லுக்கு நிற்பார்கள், பெரிய போர் மூளப்போகும். ஆர்கேனியர்கள் என்ற பரம சாதுக்கள் சும்மா நின்ற இடத்திலிருந்தே எல்லா ஆயுதத்தையும் கையில் பிடிக்க முடியாதபடி சூடாக்கிவிடுவார்கள். 'ஐயோ சுடுது' என்று போட்டுவிட்டால் சண்டை முடிந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே கோரின் கையில் ஆயுதம். இந்தத் தடவை சூடாக்க யாரும் இல்லை.

டாக்ஸ் இருக்கிறாள், அவ்வளவுதான். கரண்ட் வந்தபின் பார்த்தோம். கோரை மேலே இழுத்துப் போட்டபின் 'கொடுங்கள் இங்கே' என்று வாளை அவளே வாங்கிவைத்துக்கொள்கிறாள், தின்பண்டத்துக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவது போல. அதற்குப் பிறகு டோரல் கும்பல் வந்து, அடிதடி எல்லாம் ஆன பின்னும் இவர்கள் இரண்டு பேரும் விடாமல் ஒருவரையொருவர் வெட்டப் பாய்கிறார்கள். டாக்ஸ் பேசிப் பார்க்கவில்லை. ஃபேசர் துப்பாக்கியை எடுத்து ஆளுக்கொன்று சுட்டு இரண்டு பேரையும் மயக்கம் போட வைத்துவிடுகிறாள். சின்னவள் கைதட்டினாள். நானும்தான்.

இந்தப் பகுதியை இயக்கியவர் லெவார் பர்ட்டன். வொர்ஃபாக வரும் மைக்கேல் டார்னோடு முந்தைய தொடரில் ஏழு வருஷம் சேர்ந்து நடித்தவர். அந்தப் பழக்கமோ என்னவோ, டார்னை வசனமே இல்லாமல் நிறுத்திவைக்கத் தெரிந்திருக்கிறது. கப்பலில் திரும்பும்போது வாள் அவர்களுக்கு நடுவில் கிடக்கும். யாரும் தொடமாட்டார்கள். கோர் அதைப் பார்ப்பதில் ஆசை போய் ஒரு களைப்பு வந்திருக்கும். இரண்டு பேரை இப்படிப் பிரித்த பொருள் ஒரு சனத்தையே என்ன பாடுபடுத்தும் என்று அவர்களுக்கே புரிந்து, அதை விண்வெளியில் அனுப்பிவிடுகிறார்கள். சடங்கு, பாட்டு ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மெல்லச் சுழன்றுகொண்டே போகிறது.

சின்னவள் டைட்டில் முடியும் வரை காத்திருந்தாள். "அவ்ளோதானா? ஸ்கேன் பண்ணவே இல்லையே!"

"பண்ண ஒண்ணும் இல்லை, பாப்பா."

"இல்லாட்டி மியூசியத்துல வெச்சிருக்கலாம்ல?"

"யாரோட மியூசியத்துல?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். மூன்றாவது தாளில், தாமிர சல்பேட்டின் நிறத்தைப் பச்சை என்று எழுதியிருந்த பையனுக்கு மார்க்கைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, அந்த டோரலும் வாளைக் கண்ணால பாத்தான்ல? அவன் ஊருல போய்ச் சொல்லிட மாட்டானா?"

மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. "தூங்கு" என்றேன்.