எட்டு பைட்டுக்காக இரண்டு நாள்

வாசலில் கண்காணிப்பு கேமரா மாட்டிய நாளிலிருந்து எனக்கு ஒரு நெருடல். பேர் ஊர் தெரியாத கம்பெனியின் கேமரா, நான் வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியோடு ஒரே நெட்வொர்க்கில் கூடிக் குடித்தனம் நடத்துகிறது. அதைத் தனிக்குடித்தனம் வைத்துவிட வேண்டும். பரணில் 2012-இல் வாங்கிய ஐ3 கணினி ஒன்று கிடந்தது. அதையே ரூட்டராக்கி, அதாவது நெட்வொர்க்குகளுக்கு நடுவே நின்று போக்குவரத்தைப் பிரித்துவிடும் பெட்டியாக்க இறங்கினேன்.

மதர்போர்டில் இருந்தது ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட். எனக்கு வேண்டியது மூன்று: வெளி, வீடு, கேமரா. சென்னை ரிச்சி தெருவில், சர்வரிலிருந்து கழற்றிய இரண்டு போர்ட் இன்டெல் கார்டு 900 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், அதிலிருந்த தகரப் பட்டை குட்டைப் பெட்டிகளுக்கானது. என் கேபினட்டில் திருகு போட வழியே இல்லை. பட்டையைக் கழற்றிவிட்டுக் கார்டை மட்டும் ஸ்லாட்டில் செருகினேன். கேபிளை இழுக்கும்போதெல்லாம் கார்டும் சாய்ந்துகொண்டு வந்தது. இப்போது இரண்டு கேபிள் டை அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பார்க்க லட்சணமாக இல்லை, ஆனால் அசையவில்லை.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டதும் மூன்று போர்ட்டுகளும் வாயில் நுழையாத பெயர்களோடு வந்தன. எது எந்தத் துளை? ஈத்டூல் கட்டளையில் அதற்கொரு வசதி உண்டு: பெயரைக் கொடுத்தால் அந்தப் போர்ட்டின் விளக்கு மினுக்கும். கணினிக்குப் பின்னால் குனிந்து, மினுக்கிய ஒவ்வொன்றுக்கும் அருகில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினேன்.

ரூட்டர் ஆவது என்பது உண்மையில் ஒரே ஒரு வரி. ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) இன்னொன்றுக்குத் தள்ளிவிட லினக்ஸுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு 192.168.10, கேமராவுக்கு 192.168.20 என்று தொடங்கும் முகவரிகளாகப் பிரித்தேன். முகவரி வழங்கும் வேலையை டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் பார்த்துக்கொண்டது. யார் யாரோடு பேசலாம் என்பதை லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் எழுதினேன். வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்கலாம். கேமரா தானாக வீட்டுக்குள் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது.

ஃபைபர் மோடத்தை வெறும் பாலமாக நிற்கும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, இணைய நிறுவனத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ இணைப்பைக் கணினியிலேயே எடுத்தேன். ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் பிங் போனது. சில தளங்கள் உடனே திறந்தன. சில தளங்களோ பாதி வந்து அப்படியே நின்றன. தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் மேல் சந்தேகப்பட்டேன், கார்டு மேல் சந்தேகப்பட்டேன், கேபிள் டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு நாள் போயிற்று.

துண்டாக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பிங் அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 1464 பைட் போகிறது, 1472 போகவில்லை. பிங்கின் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் இவை 1492, 1500. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. வீட்டுக் கணினிகளுக்கு அது தெரியாது. 1500 வரை அனுப்பலாம் என்று தொலைதூர சர்வரிடம் சொல்லிவிடுகின்றன. பெரிய பாக்கெட் வழியில் விழுகிறது. ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று திரும்பிப் போகும் தகவலைச் சில சர்வர்களின் ஃபயர்வால் விழுங்கிவிடுகிறது. தளங்களைத் திறக்கும் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே, 1492-இல் தலைப்புகளுக்கு 40 பைட் கழித்து, அளவை 1452-ஆகக் குறைத்துச் சொல்லும்படி ஒரு விதி சேர்த்தேன். நின்றுபோன தளங்கள் எல்லாம் திறந்தன.

மின்சாரம் 42 வாட் இழுக்கிறது. நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் அறுபது. அரசு தரும் 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் இந்தப் பெட்டிக்கே போய்விடும் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கேமராவைத் தடுக்கும் விதியில், தடுத்த பாக்கெட்டுகளை எண்ணும் ஒரு எண்ணியையும் வைத்திருந்தேன். ஒரே இரவில் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்படி யாரைத்தான் தேடுகிறதோ. பெருமையாக அம்மாவிடம் காட்டப் போனேன். அம்மா கேமராப் படத்தின் மூலையைக் காட்டி, “இதில் ஏன்டா 1970 ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது?” என்று கேட்டார். முந்தைய நாள் மின்வெட்டில் கடிகாரம் அழிந்திருக்கிறது. நேரம் கேட்கப் போகும் வழியையும் நான்தான் அடைத்திருக்கிறேன். ரூட்டரிலேயே நேரம் சொல்லும் குரோனி நிரலை நிறுவி, கேமரா அதனிடம் நேரம் கேட்கும் அந்த ஒரு வழியை மட்டும் திறந்துவிட்டேன்.