பட்டாணிப் புரதத்தால் ஒயினைத் தெளிய வைத்தபோது பட்ட பாடு

ஜெலட்டின், மீனின் காற்றுப்பை, முட்டை வெண்கரு, பால் கேசீன் ஆகிய விலங்குப் பொருள்கள் எதையும் தொடாமல் 50 லிட்டர் வெள்ளை ஒயினைத் தெளிய வைக்க முடிவெடுத்தபோது, அந்த ஒரு வேலை மூன்று வாரத்தை விழுங்கிவிடும் என்று நான் எண்ணவில்லை. நொதித்தலும் முதல் வண்டலிலிருந்து வடித்ததும் சிக்கலின்றி முடிந்தன. இலேசான பழுப்பு நிறமும் அடிநாக்கில் நின்ற கசப்பும்தான் மிச்சம். குளூட்டன் ஒவ்வாதவர்களை எண்ணிக் கோதுமைப் புரதத்தைத் தவிர்த்தேன். உருளைக்கிழங்குப் புரதம் கிடைக்காததால் பட்டாணிப் புரதத்தை வாங்கினேன்.

“அப்படியே தூவிக் கலக்கிவிடுங்கள்” என்று விற்றவர் சொன்னதை நம்பியதுதான் என் முதல் பிழை. ஹெக்டோலிட்டருக்கு (100 லிட்டருக்கு) 20 கிராம் என்ற கணக்கில் 10 கிராம் தூளைத் தூவினேன். பட்டாணிப் புரதம் எளிதில் கரைவதில்லை. நீரில் நன்கு பரவியிருந்தால்தான் வேலை செய்யும். அது சிறு சிறு கட்டிகளாக மேலே மிதந்தது. ஒன்றை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தால், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருந்தது. போதாததற்கு, ஒயினில் தங்கியிருந்த கரியமில வாயு படிய வேண்டியதையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் பொறுத்து, வாயுவை வெளியேற்றி, தூளைப் போல் பத்து மடங்கு அளவுள்ள குளிர்ந்த நீரில் அடித்துக் கலக்கிய இன்னொரு 10 கிராமைச் சேர்த்தேன். ஒரே வாரத்தில் ஒயின் பளிச்சென்று தெளிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் உடனே புட்டியில் அடைக்காமல், பின்னால் கலங்குமா என்று பார்க்க ஒரு மாதிரியை 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிட்டதுதான் என்னைக் காப்பாற்றியது: அது பால் கலந்ததுபோல் கலங்கிவிட்டது. திராட்சையின் சொந்தப் புரதமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் பட்டாணிப் புரதம் இடும் முன்பே எடுத்து வைத்திருந்த மாதிரி, அதே சோதனையில் இவ்வளவு கலங்கவில்லை. புரதம் டானின் எனும் துவர்ப்புப் பொருளோடு பிணைந்துதான் அடியில் படிகிறது. சிவப்பு ஒயினைப் போல் டானின் நிறைந்திராத வெள்ளை ஒயினில், மிகுதியாக இட்ட புரதம் துணையின்றி ஒயினிலேயே தங்கிவிடும். ஹெக்டோலிட்டருக்கு 50 கிராம் என்ற அனுமதி வரம்புக்குள்தான் நான் இருந்தேன் என்றாலும், வரம்பு வேறு, தேவை வேறு.

இறுதியில், வெதுவெதுப்பான நீரில் இரவு முழுதும் ஊறிய 25 கிராம் பென்டோனைட் களிமண்தான் மிஞ்சிய புரதத்தை இழுத்துக்கொண்டு படிந்தது. ஆனால் நறுமணத்தில் ஒரு பங்கும், மண்டியோடு ஏறக்குறைய நான்கு லிட்டரும் போய்விட்டன. பட்டாணிப் புரதத்தின் மண்டி பஞ்சுபோல் உப்பலாக நிற்பதால், வடிக்கும்போது அவசரப்பட்டால் இழப்பு இன்னும் கூடும்.

அடுத்த தொகுதிக்கு முன்சோதனை செய்யாமல் கை வைக்கவில்லை. 1 கிராம் தூளை நீரில் அடித்து 100 மில்லியாக்கினால், அதில் 1 மில்லி, 100 மில்லி ஒயினுக்கு ஹெக்டோலிட்டருக்கு 10 கிராம் அளவைத் தரும். அளக்கும் ஒவ்வொரு முறையும் கரைசலைக் குலுக்க வேண்டும். தூள் நொடியில் அடியில் இறங்கிவிடும். அரை, ஒன்று, இரண்டு, மூன்று மில்லி என நான்கு குப்பிகளில் இட்டு, இரண்டு நாள் கழித்துச் சுவைத்தும் சூடாக்கியும் பார்த்தேன். மூன்று மில்லி இட்ட குப்பிதான் கண்ணுக்கு மிகத் தெளிவாக இருந்தது. சூடாக்கியதும் முதலில் கலங்கியதும் அதுவே. கசப்பு நீங்கிய பிறகும் மணம் குறையாமல் நின்றது ஒரு மில்லிக் குப்பியில். முதல் தொகுதிக்கு நான் இட்டதில் அது நான்கில் ஒரு பங்கு.