அடைப்புக்குறிக்குள் ஒரு வேலை

ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பில் வேலை என்றதும் நீலகிரியில் எங்கள் ஊரான சேரம்பாடியில் வரும் முதல் கேள்வி, "சம்பளம் டாலரா?" அடுத்தது, "சண்டை நடக்குற நாட்டுக்கெல்லாம் போவியா?" நான் போனதெல்லாம் கூட்ட அறைகளுக்குத்தான். உணவுத் தரம் தொடர்பான ஆவணங்களைத் தயாரிக்கும் பிரிவு. முதலில் ரோமில் இருந்தேன், இப்போது பெரும்பாலும் வீட்டு மாடியிலிருந்தே வேலை. அங்கே காலைக் காப்பி முடித்து உட்காரும்போது இங்கே சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஜூலை மழையில் கரண்ட் போனால் இன்வர்ட்டர்தான் கதி.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று வெளியில் பேசிக்கொள்வதெல்லாம் பணியாளர்களுக்கு உண்டு. என்னைப் போன்ற ஒப்பந்த ஆலோசகர்களுக்குக் கிடையாது. ஒப்பந்தம் முடியும், இடைவெளி வரும், மறுபடி அழைப்பு வந்தால் உண்டு. இன்னொன்று: ஆள் எடுப்பதற்கு ஐ.நா. எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. யாராவது கேட்டால் அது மோசடி.

சரி, வேலைக்கு வருவோம். எந்த உணவில் எந்தப் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கலாம் என்பதற்கான உலக அளவுகளை வகுப்பது கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது, 1963இல் ஆரம்பித்தது. ஓர் அளவு முடிவாக எட்டுப் படிகள் உண்டு. நடுவில் வரைவு எல்லா நாடுகளுக்கும் போய்க் கருத்துகளோடு திரும்பும். எல்லோரும் ஒப்புக்கொள்ளாத வாசகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்போம். மாலைக்குள் அந்தக் குறிகளில் இரண்டை எடுக்க முடிந்தால் நல்ல நாள். வாக்கெடுப்பை எல்லோரும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். பன்றி, மாடுகளின் தீவனத்தில் சேர்க்கும் ராக்டோபமைன் என்ற வளர்ச்சி ஊக்க மருந்து விஷயத்தில் வருடக்கணக்காக இழுபறியாகி, 2012இல் வேறு வழியின்றி வாக்கெடுத்தார்கள். அளவை ஏற்க 69 நாடுகள், எதிர்த்து 67. ஜெயித்தும் யாருக்கும் நிம்மதியில்லை, ஏனென்றால் தோற்ற 67 நாடுகளும் அந்த அளவை மனதார ஏற்கப்போவதில்லை.

எனக்குச் சிரமம் தேயிலை வரும்போதுதான். தேயிலையை யாரும் அப்படியே தின்பதில்லை. கொதிநீரில் போட்டு வடிகட்டிக் குடிக்கிறோம். மருந்தில் எவ்வளவு சாயாவுக்குள் இறங்கும் என்பது அந்த மருந்து தண்ணீரில் கரைவதைப் பொறுத்தது. ஆகவே இலையை மட்டும் பார்க்காதீர்கள், வடித்த சாயாவையும் கணக்கில் எடுங்கள் என்பது தேயிலை விளைவிக்கும் நாடுகளின் பல வருட வாதம். ஐரோப்பாவிலோ, தனியாக அளவு வகுக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது வரம்பு. இங்கே பச்சை இலை விற்கும் சித்தப்பாவுக்கு அது எங்கே வந்து இடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவு, பணியாளர்கள் எந்த அரசின் சொல்லையும் கேட்டு நடக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தக்காரர்களும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து, இந்தியா சொன்னதையும் எதிர்த்தரப்பு சொன்னதையும் ஒரே நிறத்தில் எழுதுவது என் வேலை. அந்த விதி சரியானதுதான். இல்லாவிட்டால் அந்த ஆவணத்தை ஒரு நாடும் நம்பாது.

நாங்கள் இந்த மலைக்கு வந்ததே ஒரு காகிதத்தால். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில், பெரும்பாலும் மலையகத்தில், குடியுரிமை இல்லாமலிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1974இல்தான் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பத்து வருடம் அத்தனை பேர் அடைப்புக்குறிக்குள்! திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம். அப்பாயி அதில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

என் வேலையை அவருக்கு விளக்கியபோது அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "எங்கள அன்னிக்கு யாரும் கேக்கல. நீங்க இப்ப ஆளுங்கள கேக்குறீங்களா?" கேட்கிறோம் என்றேன், சுற்றுவழியில். விவசாயி தேயிலை வாரியத்திடம் சொல்லலாம். கோடெக்ஸுக்கான இந்தியத் தொடர்பு டெல்லியில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கே போய்ச் சேர்ந்தால் இந்தியாவின் கருத்தாக ரோமுக்கு வரலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நீயே ஒரு மனு எழுதிக் கொடுப்பா, எங்காளுங்கள்ட்ட கையெழுத்து வாங்கிடறேன்."

இப்போது எழுதிக் கொடுத்தால் விதி மீறல். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் எழுதிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.