லிஸ்பன்: கூரை இல்லாத தேவாலயம்

லிஸ்பன் போகிறவர்கள் பெலேம் கோபுரத்தையும் மஞ்சள் டிராமையும் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். நானும் பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் நேராகக் கார்மோவுக்குப் போங்கள்.

1389ல் தொடங்கிய மடம் அது. அதன் தேவாலயத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம். இருபுறத் தூண்களிலிருந்தும் வளைவுகள் எழும்பி உச்சியில் சேர்ந்து நிற்கின்றன, மூடத்தான் ஒன்றுமில்லை. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் திருநாள், காலைப் பூசைக்கு ஊரே தேவாலயங்களில் கூடியிருந்த நேரத்தில் நிலம் ஆடியது. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓட, சுமார் 40 நிமிடத்தில் கடல் தேஜு ஆற்றின் வழியாக ஊருக்குள் ஏறி வந்தது. மெழுகுவத்திகளும் அடுப்புகளும் சரிந்து பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அரண்மனையும் அதன் நூலகமும் போயின. நம் மொழியில் முதன்முதலாக அச்சான நூல், தமிழை ரோமன் எழுத்தில் கோத்து 1554ல் அச்சிட்டது, இந்த ஊரில்தான் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்று இத்தனையையும் தாண்டி இன்றும் லிஸ்பனில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மன்னர் முதலாம் ஜோசேக்குக் கல் கட்டடம் என்றாலே பயம் வந்துவிட்டது. அஜுடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் போட்ட அரண்மனையில்தான் மீதிக் காலத்தைக் கழித்தார். ஊரைத் தூக்கி நிறுத்தியவர் அமைச்சர் பொம்பால். அவர் செய்ததில் என்னை மிகவும் கவர்ந்தது, பங்குத் தந்தைகளுக்கெல்லாம் அனுப்பிய கேள்வித்தாள்: எவ்வளவு நேரம் ஆடியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, தரை பிளந்ததா, எத்தனை பேர் செத்தார்கள். தெய்வ தண்டனை என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது இப்படி உட்கார்ந்து கேட்க எவ்வளவு தெளிவு வேண்டும்! அப்புறம் பைஷா பகுதியை நேர்நேரான தெருக்களாகப் போட்டு, சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து வீடு கட்டினார்கள். அதற்குப் பெயர் கயோலா, அதாவது கூண்டு. மாதிரி ஒன்றைச் செய்து சுற்றிலும் சிப்பாய்களை நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்களாம்.

கார்மோவைத் திரும்பக் கட்டத் தொடங்கி, 1834ல் மடங்கள் கலைக்கப்பட்டதும் அப்படியே விட்டுவிட்டார்கள். வாசலில் உள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று படைவீரர்கள் பக்கத்துக் காவல்படை முகாமைச் சூழ்ந்துகொள்ள, உள்ளேயிருந்த பிரதமர் கெய்தானோ பணிந்தார். பல ஆண்டு சர்வாதிகாரம் அன்று மாலை முடிந்தது. நான் போனபோது அங்கே மர நிழலில் இரண்டு பாட்டிமார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரொசியோ சதுக்கத்திலிருந்து ஏறினால் பத்து நிமிட நடை. நடைபாதைக் கற்கள் வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கார்மோ மூடியிருக்கும்.