ஜான் தெருவிலிருந்து 13ஆம் தெரு வரை: நியூயார்க் மெதடிஸ்ட் ஆலயங்களுக்கு ஒரு யாத்திரை

மன்ஹாட்டனில் ஏழாவது அவென்யூவும் மேற்கு 13ஆம் தெருவும் சந்திக்கிற மூலையில் சர்ச் ஆஃப் தி வில்லேஜ் என்னும் யுனைடெட் மெதடிஸ்ட் ஆலயம் இருக்கிறது. மெதடிஸ்ட் என்பது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்று. பேராலயங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அடக்கமாகத்தான் தெரியும். ஆனால் தன்பாலீர்ப்புள்ளவர்களும் திருநர்களும் அவர்களைப் பெற்றவர்களும் மெதடிஸ்ட் திருச்சபைக்குள் தலைநிமிர்ந்து உட்கார இடம் கிடைத்ததில் இந்த ஆலயத்துக்கும், இதில் வந்து கலந்த சிறு சபைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த இடம் தானாக அமையவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் கூடிப் பேசி, எழுதி, வாக்களித்து, அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தடங்கள் எல்லாம் சுமார் நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை தெற்கிலிருந்து வடக்காக நடை, ஞாயிறு காலை ஆராதனை. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நடை தொடங்கும் ஜான் தெரு ஆலயத்திலும் காலையில்தான் ஆராதனை. இரண்டிலும் முழுமையாக உட்கார முடியாது. ஆராதனை நேரம் பருவத்துக்கேற்ப மாறக்கூடும் என்பதால் அந்த வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஜான் தெரு ஆலயத்தின் உள்ளே போக விரும்பினாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கதவு பூட்டியிருந்தால் வெளியே நின்று ஜெபித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

ஃபுல்டன் தெரு நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கினால் 44, ஜான் தெரு சில நிமிட நடை. வட அமெரிக்காவின் மிகப் பழமையான மெதடிஸ்ட் சபை இதுவே. அயர்லாந்திலிருந்து குடியேறிய பார்பரா ஹெக் என்ற பெண், தன் உறவினர் பிலிப் எம்பரியைப் பிரசங்கிக்கும்படி வற்புறுத்தியதால் 1766இல் இது தொடங்கியது. எம்பரி ஒரு தச்சர். முதல் கூட்டத்தில் அவர் வீட்டில் கேட்டவர்கள் ஐந்தே பேர். அவர்களில் பெட்டி என்ற கறுப்பினப் பணிப்பெண்ணும் ஒருவர். 1768இல் 60 அடி நீளமும் 42 அடி அகலமுமாக முதல் ஆலயத்தைக் கட்டினார்கள். அரசு அங்கீகரித்த சபையைச் சேராதவர்கள் ஆலயம் என்ற பெயரில் கட்ட முடியாத காலம் அது. அதனால் உள்ளே ஓர் அடுப்பும் புகைபோக்கியும் வைத்து, வீடு என்று காட்டினார்கள். இப்போது இருக்கும் கட்டடம் 1841இல் எழுந்தது.

இந்த ஆலயத்தில் இன்னொருவருக்காகவும் ஜெபிக்க வேண்டும். பீட்டர் வில்லியம்ஸ் என்ற அடிமை இங்கே ஆலயப் பணியாளராக இருந்தார். 1783இல் அவருடைய எஜமானர் ஊரைவிட்டுப் போகும் நிலை வந்தபோது, சபையின் பொறுப்பாளர்கள் 40 பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார்கள். அந்தத் தொகையை அவர் உழைத்துத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெற்றார். ஒரு சபை மனிதரை விலைக்கு வாங்கியது என்ற வரலாறு நெஞ்சை அறுக்கிறது. அதே சபையில் கறுப்பின விசுவாசிகள் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டார்கள். 1796இல் ஜேம்ஸ் வாரிக் உள்ளிட்டோர் தனியாக ஆராதிக்கத் தொடங்கியதிலிருந்தே ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் திருச்சபை பிறந்தது. பெட்டியோடு தொடங்கிய சபை முப்பது ஆண்டுகளில் பெட்டியைப் போன்றவர்களை இழந்தது. யாத்திரையை இங்கே தொடங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். பிற்பாடு பாலீர்ப்பை முன்வைத்து நடந்த வழக்கைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய காயத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபுல்டன் நிலையத்திலிருந்து ஏ அல்லது சி ரயில் பிடித்து மேற்கு 4ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். 135, மேற்கு 4ஆம் தெருவில் 1860 வாக்கில் வெண்பளிங்கு முகப்போடு எழுந்த கட்டடம் நிற்கும். அதுவே வாஷிங்டன் ஸ்கொயர் யுனைடெட் மெதடிஸ்ட் ஆலயமாக இருந்தது. வியட்நாம் போரை எதிர்த்ததால் ‘சமாதான ஆலயம்’ என்றே பெயர் பெற்றது. இன்று அது தனியார் குடியிருப்பு. மணி அடிக்கவோ வாசற்படியில் கூடவோ கூடாது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று பாருங்கள்.

பார்ப்பதற்கு முகப்பு மட்டும்தான் மிச்சம் என்றாலும், இந்த நடையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இது. 1973 முதல் இங்கே போதகராக இருந்தவர் பால் ஏபல்ஸ். தாம் தன்பாலீர்ப்புள்ளவர் என்பதை 1977இல் வெளிப்படையாகச் சொன்னார். தன்பாலின இணையர்களின் இணைவை ஆசீர்வதிக்கும் உடன்படிக்கை ஆராதனையும் நடத்தினார். பேராயர் அவரை விடுப்பில் போகச் சொன்னார். அவர் மறுத்தார், சபை அவரோடு நின்றது. விவகாரம் திருச்சபையின் உச்ச நீதிக்குழு வரை போனது. அவர் பணியில் தொடரத் தடையில்லை என்று 1979இல் தீர்ப்பு வந்தது. மெதடிஸ்ட் முறையில் போதகரைச் சபை அமர்த்துவதில்லை, பேராயரே ஆண்டுதோறும் நியமிக்கிறார். ஆகவே ஒரு சிறு சபை தன் போதகருக்காக நின்றதை வெறும் பாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த நியமனம், மேலிடத்து நல்லெண்ணம், கட்டடம் பழுதுபார்க்கக் கிடைக்கும் உதவி எல்லாம் அந்த மேலிடத்தின் கையில் இருந்தபோது அவர்கள் அந்த முடிவை எடுத்தார்கள்.

1984இல் திருச்சபையின் பொது மாநாடு, தன்பாலீர்ப்பை வெளிப்படையாக வாழ்கிறவர்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்று சட்டம் இயற்றியது. ஏபல்ஸ் அந்த ஆண்டு ஓய்வுபெற்றார். அதே ஆண்டுதான், பால்புதுமையரை (தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர்கள் முதலியோரை) வரவேற்பதாக எழுத்துபூர்வமாக அறிவிக்கும் ‘ஒப்புரவுச் சபை’ இயக்கமும் தொடங்கியது. அதில் முதலில் சேர்ந்தது வாஷிங்டன் ஸ்கொயர் சபை. கதவு மூடப்பட்ட ஆண்டிலேயே தங்கள் கதவைத் திறந்து எழுதிவைத்தார்கள். மறு ஆண்டு, பள்ளிகளில் துன்புறுத்தப்பட்ட பால்புதுமைப் பிள்ளைகளுக்கான ஹார்வி மில்க் பள்ளி சுமார் 20 மாணவர்களோடு இந்த ஆலயக் கட்டடத்தில்தான் தொடங்கியது.

அங்கிருந்து கிறிஸ்டோபர் தெரு பத்து நிமிடத்துக்குள். 53ஆம் எண்ணில் பால்புதுமையர் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதி, எதிரே சிறு பூங்கா. 1969 ஜூன் 28 அதிகாலைக் காவல்துறைச் சோதனைக்கு எதிரான எழுச்சி நடந்த இந்த இடம் 2016 முதல் தேசிய நினைவுச் சின்னம். கூட்டம் அதிகமாக இருக்கும், நெடுநேரம் நிற்க வேண்டாம். ஏழாவது அவென்யூ வழியாக வடக்கே நடந்தால் 12ஆம் தெருவருகே எய்ட்ஸ் நினைவிடம். எதிரே செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை இருந்தது. எய்ட்ஸ் நோயாளிகளை ஏராளமாகக் கவனித்த அது 2010இல் மூடப்பட்டது. இறந்தவர்களுக்காக மௌனமாக ஜெபிக்க நல்ல இருக்கைகள் உண்டு.

இன்னும் ஒரு தெரு தாண்டினால் நம் ஆலயம். வாஷிங்டன் ஸ்கொயர், மெட்ரோபாலிடன்-டுவேன், சர்ச் ஆஃப் ஆல் நேஷன்ஸ் என்ற மூன்று சபைகள் 2005இல் ஒன்றாகி சர்ச் ஆஃப் தி வில்லேஜ் ஆனது. கட்டடம் மெட்ரோபாலிடன்-டுவேன் சபையுடையது. வெளிச்சுவரில் உள்ள நினைவுப் பலகையைத் தவறவிடாதீர்கள். 1972 ஜூனில் ஜீன் மேன்ஃபோர்ட் என்ற பள்ளி ஆசிரியை, தன்பாலீர்ப்புள்ள தன் மகன் மார்ட்டியோடு நியூயார்க் ஊர்வலத்தில், பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்று எழுதிய அட்டையை ஏந்தி நடந்தார். வழியெல்லாம் இளைஞர்கள் ஓடிவந்து, தங்கள் பெற்றோரிடமும் பேசும்படி அவரைக் கேட்டார்கள். 1973 மார்ச்சில் அப்படிப்பட்ட பெற்றோரின் முதல் கூட்டம் இந்த ஆலயத்தில் கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ 20 பேர். இன்று பிஃப்ளாக் என்று அறியப்படும் அமைப்பு அப்படிப் பிறந்தது. பிள்ளையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் தாய் தகப்பனுக்கு இந்தப் பலகையின் முன் நிற்பதே ஒரு தரிசனம். தெருவின் எதிர்ப்பக்கம் 208ஆம் எண்ணில் எல்ஜிபிடி சமூக மையம் இருக்கிறது.

ஞாயிறு ஆராதனைக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். இத்தகைய சபைகளில் வாசலிலேயே பெயர் அட்டை தருவார்கள். பெயரோடு தங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதையும் பலர் எழுதுவார்கள். அதைப் பார்த்து அப்படியே அழையுங்கள், கேள்வி வேண்டாம். பாட்டு, வேத வாசிப்பு, சமாதான வாழ்த்து, பிரசங்கம், காணிக்கை என்ற ஒழுங்கு தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானதே. 1947இல் அதில் இணைந்தவர்களில் மெதடிஸ்டுகளும் உண்டு. வித்தியாசம் திருவிருந்தில் தெரியும். திடப்படுத்தல் பெற்றிருக்க வேண்டும், அங்கத்தினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை யுனைடெட் மெதடிஸ்ட் பந்தியில் இல்லை. நம் ஊர்க்காரர்கள் பலர் இது தெரியாமல் இருக்கையிலேயே தயங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்து போகலாம். அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பார்கள், பாத்திரத்தில் தோய்த்து உண்ண வேண்டும். பாத்திரத்தில் இருப்பது புளிக்காத திராட்சைச் சாறு. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவரும் தயங்காமல் பங்குகொள்ளலாம். கோதுமை ஒவ்வாதவர்களுக்குத் தனி அப்பம் உண்டா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பல மெதடிஸ்ட் சபைகளில் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறுதான், அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

இரண்டு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஒன்று, ஆராதனையில் படம் எடுக்காதீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் தெரியாமல் வந்தவராக இருக்கலாம். ஒரு படம் அவர் வாடகை வீட்டையோ உறவையோ பறித்துவிடும். மற்றொன்று, சந்தோஷங்களையும் பாரங்களையும் உரக்கச் சொல்லும் ஜெப வேளையில், உங்கள் ஊரிலுள்ள ஒருவருக்காக ஜெபிக்கக் கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டாம். ஆராதனை இணையத்திலும் ஒளிபரப்பாகும் காலம் இது. ‘ஒரு சகோதரிக்காக’ என்றால் போதும், கர்த்தருக்குத் தெரியும்.

ஆராதனை முடிந்து காப்பி வேளையில் உட்கார்ந்து பேசுங்கள். தங்கள் சபையையும் இப்படி ஒப்புரவுச் சபையாக்க முடியுமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. வழி இதுதான். முதலில் நான்கைந்து பேர் கொண்ட குழு. அவர்கள் சபையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு வேதபாட வகுப்புகள். அதன்பின் வரவேற்பு அறிக்கையை எழுதி வாக்கெடுப்பு. ஒரு வருடம், சில சபைகளில் அதற்கும் மேல் ஆகும். கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். தனிச் சந்திப்புகளை விட்டுவிட்டு நேரே வாக்கெடுப்புக்குப் போனால் ஓரிரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கலாம், ஆனால் தோற்ற பாதிப்பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அறிக்கையில் ‘எல்லாரையும் வரவேற்கிறோம்’ என்று மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. அப்படி எழுதிய ஆலயங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களே இங்கே வருகிறார்கள். யாரை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும், பாலின அடையாளத்தையும் சேர்த்து. போதகர் மாறிப்போவார், அறிக்கை சுவரில் நிற்கும். எழுதிய பிறகு கழிப்பறை, உறுப்பினர் படிவம், ஞாயிறு பள்ளி ஆசிரியர் நியமனம், திருமணம், ஞானஸ்நானம் எல்லாவற்றிலும் அதைப் பொருத்திப் பார்க்காவிட்டால் வாசலில் வானவில் கொடி பறந்தும் பயனில்லை. பால்புதுமையரிடம் நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்து, ஆலோசனைக் குழுவில் சேர்க்காமல் இருப்பதும் அடிக்கடி நடக்கிற குறை.

இத்தனைக்கும் மேலிடத்துச் சட்டம் நாற்பது ஆண்டுகள் எதிராகவே இருந்தது. 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் சிறப்பு மாநாடு 438க்கு 384 என்ற வாக்கில் தடையை இன்னும் இறுக்கியது. 2024 மே 1 அன்று சார்லட் நகர மாநாடு 692க்கு 51 என்ற வாக்கில் குருப்பட்டத் தடையை நீக்கியது. மறுநாள், 1972 முதல் இருந்த ‘கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது’ என்ற வாசகமும் போனது. இடையில் அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சபைகள் பிரிந்து போயின; அந்த வலியும் ஜெபத்தில் சேர வேண்டும். இப்போதும் எந்தப் போதகரும் தன்பாலினத் திருமணத்தை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, நடத்துகிறவருக்குத் தண்டனையும் இல்லை. 1992இல் மறைந்த ஏபல்ஸ் இதைப் பார்க்கவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சமீப ஆண்டுகளில் பால்புதுமையரின் பிரைடு ஊர்வலம் ஏழாவது அவென்யூ வழியாக, ஆலயத்தின் பக்கவாட்டிலேயே போகிறது. தடுப்பு வேலி போட்டபின் அவென்யூவைக் குறுக்கே கடப்பது கடினம். ஆலயம் அவென்யூவின் மேற்குப் பக்கம் இருப்பதால், எட்டாவது அவென்யூவில் 14ஆம் தெரு நிலையத்தில் இறங்கி 13ஆம் தெரு வழியாகக் கிழக்கே நடந்து வாருங்கள். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும்.