காசு கொடுத்து வாங்கிய கூடாரம்

"காசு கொடுத்தா தறப்பாளுக்குள் போய்ப் படுக்கிறீர்கள்?"

திருகோணமலைப் பக்கம் சம்பூரில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் இருந்தோம். மார்கழி மழை ஓயவில்லை. மகள் ஆசை ஆசையாகக் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தாள். மெல்பேர்னில் எங்கள் வீட்டு வாசலில் கேம்பர் ட்ரெய்லர் நிற்கிறது. அவளுடைய அப்பா மூடியைப் புரட்டிப் போட, உள்ளே மடிந்து கிடந்த கன்வஸ் எழுந்து கட்டிலோடு ஓர் அறையாக விரிகிறது. பெரியம்மா முழுவதையும் பொறுமையாகப் பார்த்து முடித்த பிறகுதான் அப்படிக் கேட்டார். கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கு அதுதான் தைத்தது.

சம்பூர் ஆட்களிடம் கூடாரத்தைப் பற்றிப் பெருமை பேச யாருக்கு வாய் வரும்? 2006 ஏப்ரலில் போரில் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தார்கள். பெரியம்மா கடைசியில் கிளிவெட்டி முகாமில் வந்து ஒதுங்கினார். 2015இல் காணிகள் விடுபடத் தொடங்கும்வரை அவருடைய முகவரி அதுதான். அந்தக் காலம் முழுவதும் நான் மெல்பேர்னிலிருந்து தொலைபேசியில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். "மழைதான் பிள்ளை" என்பார். தறப்பாளில் மழை விழும் சத்தம் அவருடைய குரலையும் தாண்டிக் கேட்கும்.

மாமாவின் கவனம் முழுவதும் வண்டியில் இருந்தது. அவரும் என் அப்பாவும் கூட்டாக வைத்திருந்த உழவு இயந்திரமும் அதன் பின்னால் இழுக்கும் பெட்டியும்தான் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் சோறு போட்டன. நெல், செங்கல், மணல், கலியாண வீட்டுப் பந்தல் சாமான் என்று அந்தப் பெட்டி ஏற்றாத பொருள் இல்லை. ஆகவே அவர் கைபேசியைப் பறிக்காத குறையாக வாங்கி, "எத்தனை கிலோ? பிரேக் எங்கே இருக்கிறது?" என்று ஆரம்பித்தார்.

அவுஸ்திரேலியாவில் பாரத்தோடு 750 கிலோவைத் தாண்டினால் பெட்டிக்கும் பிரேக் இருக்கவேண்டும். 2 தொன்னைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளுக்கும் பிரேக் வேண்டும், பெட்டி தப்பித் தவறிக் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் பொறியும் வேண்டும் என்று சொன்னேன். எங்களுடையது தண்ணீரும் சாமானும் ஏற்றினால் ஒன்றேகால் தொன்னுக்குக் கிட்ட வரும். மின்சார பிரேக். காருக்குள் சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் அதற்கென்று ஒரு கட்டுப்பாட்டுக் குமிழ் உண்டு. கழன்றால் நிலத்தில் குத்தாமல் தாங்குவதற்குச் சங்கிலியும் பூட்டவேண்டும். சங்கிலி என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கதை பிறகு.

பாரத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்பக்கக் கொளுவியின் மேல் இறங்கவேண்டும் என்பது அங்கே கணக்கு. பின்னுக்குப் பாரம் கூடினால் வேகத்தில் பெட்டி வாலாட்டத் தொடங்கும். "பின்னுக்கு ஏற்றினால் பெட்டியின் மூக்கு மேலே கிளம்பும், மெசினின் பெரிய சில்லுக்குப் பிடிப்பு இருக்காது" என்றார் மாமா. எங்கள் தண்ணீர்த் தாங்கி 80 லீற்றர், நான்கு பேர் அதில்தான் சமாளிக்கிறோம் என்று என் கணவர் சொன்னபோது, "பரவாயில்லை, கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்றிலும் அவ்வளவுதான் தண்ணீர்" என்று சிரித்தார்.

நெடுஞ்சாலையில் பெரிய லொறி நம்மைக் கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். பெட்டி ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்கக்கூடாது. காலை மெல்ல எடுத்துவிட்டு, கைக் கட்டுப்பாட்டால் பெட்டியின் பிரேக்கை மட்டும் பிடித்தால் அது நேராகும். பின்னுக்கு எடுப்பது என் வேலை. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பெட்டி போகும். சிறுமியாக இருந்தபோது உழவு இயந்திரத்தின் மட்கார்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வித்தை அது. முகாம் தளங்களில் மற்றவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே எடுப்பில் பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது அப்பா இதைப் பார்க்கவில்லையே என்றிருக்கும்.

பேரிங்குக்குக் கிறீஸ் அடைப்பதும் நான்தான். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்பது பொதுவான விதி. நீண்ட ஓட்டத்துக்குப் போகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. பேரிங் இறுகிச் சில்லே கழன்று போன வண்டிகளைத் தெருவோரம் கண்டிருக்கிறேன். ஜாக்கியில் ஏற்றிச் சில்லைக் கழற்றி, நடுவிலுள்ள மூடியைத் தட்டி எடுத்து, பிளவு ஊசியை இழுத்து, நட்டைக் கழற்றினால் வெளிப் பேரிங் உள்ளங்கையில் வந்து விழும். பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளை வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கவேண்டும். நீலம் பாரித்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ தூக்கிப் போடவேண்டியதுதான். நல்லதென்றால் உள்ளங்கையில் புதுக் கிறீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்கவேண்டும், மறுபக்கத்தால் கிறீஸ் பிதுங்கி வரும்வரை. பிறகு புதுச் சீல், புதுப் பிளவு ஊசி. நட்டை இறுக்கும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கடைசியில் சற்றுத் தளர்த்திவிடவேண்டும்.

நான் மெல்பேர்னில் நன்றாகவே வேரூன்றிவிட்டேன். அங்கே வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளைகளின் பேச்சே அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஆனாலும் அந்த மண்ணெண்ணெயும் கிறீஸும் கலந்த வாசம் எழுந்தவுடன் நான் கராஜில் இருப்பதில்லை. கட்டைபறிச்சானில் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். அப்பா பெட்டிக்குக் கீழே படுத்திருக்கிறார், என் கையில் மண்ணெண்ணெய்ப் பேணி. அடுத்த நாள் வெருகல் முருகன் கோவில் திருவிழா. வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, பானை சட்டி, அரிசி மூட்டை, குழந்தை குட்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பெட்டி புறப்படும். ஆற்றங்கரை மரநிழலில் சேலையைக் கட்டி மறைத்துவிட்டு அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. சித்திர வேலாயுதர் வீதியுலா வந்து முடிந்த பிறகும் பெரியம்மாவின் சிரிப்புச் சத்தம் அடங்காது.

இதைப் பெரியம்மாவிடமே சொன்னேன். "வெருகலில் நீங்கள் எத்தனை நாள் மரத்தடியில் படுத்திருக்கிறீர்கள்? நாங்கள் செய்வதும் அதுதானே?"

"அது வேறு பிள்ளை. அப்போது வீட்டுத் திறப்பு என் முந்தானையில் முடிந்திருந்தது."

எனக்கு மறுமொழி வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கைபேசியைத் திரும்பக் கேட்டார். இம்முறை ஒரு படத்தில் நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். கடற்கரையில் எடுத்த படம். கிப்ஸ்லாந்தில் சீஸ்பிறேயிலிருந்து கோல்டன் பீச் வரை கரையோரமாக இலவச முகாம் தளங்கள் இருக்கின்றன. தொண்ணூறு மைல் கடற்கரை என்று அதற்குப் பெயர். கூடாரத்தின் முன்னால் பந்தல்போல இழுத்துக் கட்டிய கூரையில் ஒரு மூலையை விரலால் தொட்டு, "இந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். நடுவில் ஒரு கம்பு கொடுத்து, இந்தப் பக்கத்துக் கயிற்றைப் பதித்துக் கட்டினால் வழிந்து போகும்" என்றார்.

என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தப் படம் எடுத்த அன்று இரவு மழை பெய்தது. அதே மூலையில்தான் குடம் குடமாகத் தண்ணீர் சேர்ந்து, கூரை வயிறு தள்ளி, கம்பு வளைந்தது. விற்றவரோ, தந்த கையேடோ சொல்லாத விடயத்தை, அந்தப் பெட்டியை ஒருநாளும் நேரில் கண்டிராத பெரியம்மா படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தறப்பாள் நனைந்திருக்கும்போது உள்ளே சாமானைச் சாய்த்து வைக்கக்கூடாது. சுற்றிவர வாய்க்கால் வெட்டும்போது மண்ணை உள்பக்கமாகப் போடவேண்டும். அரிசியை நிலத்தில் வைக்கக்கூடாது, செங்கல் அடுக்கி அதன்மேல் வைக்கவேண்டும். மத்தியானத்தில் பிளாஸ்டிக் தறப்பாளுக்குள் கைக்குழந்தையை வைத்திருக்க முடியாது. அவிந்துபோகும், மரத்துக்குக் கீழே தூக்கிக்கொண்டு போகவேண்டும். பருத்திக் கன்வஸ் நனைந்திருக்கும்போது உள்ளே எதுவும் முட்டக்கூடாது, முட்டிய இடத்தால் கசியும் என்று எங்கள் கையேட்டிலும் இருக்கிறது. அந்தக் கையேட்டை நான் தேநீர் குடித்துக்கொண்டு படித்தேன். பெரியம்மா அதைப் படித்த விதத்தை நினைக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

அவரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. புதுக் கன்வஸை வாங்கியவுடன் குழாய்த் தண்ணீரால் நன்றாக நனைத்துக் காயவிடவேண்டும். நூல் ஊதி, தையல் ஊசி போட்ட துளைகளை அடைத்துவிடும். அதைக் கேட்டு, "அட, அப்படியா!" என்று வியந்தார். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், பிறகு அது போகாது. அதனால் ஒவ்வொரு பயணம் முடிந்து வந்த பிறகும் வாசலில் மறுபடி விரித்துக் காயவைக்கிறோம் என்றேன். மெல்பேர்ன் வெயிலை நம்ப முடியாது, இதற்கே இரண்டு நாள் போய்விடும். இழுத்துக்கொண்டு திரிவதைவிட இந்த உலர்த்தும் வேலைதான் பெரிது. "மாரியில் என் சேலை எல்லாம் அந்த மணம்தான்" என்றார் பெரியம்மா.

கடலைப் பற்றி மகள் பீற்றிக்கொண்டதையும் சொல்லவேண்டும். நீளமான கரைதான், அழகுதான். ஆனால் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், அலை அடித்து இழுக்கும். வைகாசியில் நிலாவெளியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு புறாத்தீவைப் பார்த்துக் கதைபேசிய எனக்கு அந்தக் கரையில் கால் நனைப்பதோடு சரி. தீ மூட்டவும் அங்கே ஒழுங்கு உண்டு: அனுமதி உள்ள இடத்தில் 30 சென்ரிமீட்டர் ஆழக் குழி, சுற்றிவர 3 மீட்டருக்குச் சருகில்லாத நிலம், தீத்தடை நாளில் அதுவும் இல்லை. காஸ் அடுப்பில் பிட்டு அவித்து, நகரத்திலிருந்து கொண்டுபோன மீனில் குழம்பு வைப்போம். கரைவலை இழுக்கிற சத்தம் இல்லாத கடற்கரையில் அந்தக் குழம்பு என்றைக்கும் முழு ருசியைத் தந்ததில்லை.

சங்கிலிக்கு வருகிறேன். கிண்ணியாவில் 2009இல் 396 மீட்டர்ப் பாலம் திறந்த பிறகு மிதவைப் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது. மூதூர்ப் பக்கத்து ஆட்கள் திருகோணமலைக்கு நேராக ஓடி வருகிறார்கள். தெரு நல்லது, வேகம் கூடிவிட்டது. அந்தத் தெருவில் இருட்டிய பிறகு பின்விளக்கோ ஒளிர்பட்டியோ இல்லாமல் உழவு இயந்திரப் பெட்டிகள் போவதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. மாமாவின் பெட்டியும் அப்படித்தான், சங்கிலியும் இல்லாமல், ஓடியது. "முன் வெளிச்சம் இருக்கிறதே" என்றார். பின்னால் வருகிறவன் அதை எப்படிக் காண்பான்? இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாமியும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

மழை வெளித்த அன்று மூதூருக்குப் போய் இரண்டு சிவப்பு விளக்கும், சமிக்ஞை விளக்குகளும், ஒரு சுருள் வயரும், ஒளிர்பட்டியும் வாங்கி வந்தோம். வயர் சட்டத்தில் உரஞ்சி அறுந்துபோகாமல் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் அதைச் செருகி, பெட்டியின் அடிப்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினார் என் கணவர். இடப்பக்கம் எரிகிறது. வலப்பக்கத்துக்கு எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. போல்ட்டின் அடியில் பெயின்ரைச் சுரண்டிவிட்டுப் பூட்டவேண்டும். சங்கிலி வளையத்தை ஒட்டித்தர வெல்டிங் கடைக்காரர் வெள்ளிக்கிழமை கழித்து வரச்சொல்லியிருக்கிறார்.